உப்புக் காற்றில் ஹார்டு டிஸ்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹார்டு டிஸ்க் போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று கேட்கிறார்கள். மீதிப் பேர், போனது திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. இரண்டாவது கேள்விக்கு நம் கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் நல்ல சேதி இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கீழக்கரை வாசகி: மச்சான் சபரில் (வெளிநாட்டில்) இருக்கிறார்கள். எங்கள் நிக்காஹ் வீடியோ, பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தன. சின்னவன் வயரைப் பிடித்து இழுத்ததில் மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. இப்போது சொருகினால் 'டக்... டக்...' என்று சத்தம் மட்டும் வருகிறது. ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. வைக்கலாமா?

வைக்காதீர்கள், ராத்தா. இதைப் படிக்கிற நேரம் அந்த டிஸ்க் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் மிச்சத்தைப் படிக்கலாம்.

உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். எக்ஸ்டர்னலில் வரும் சின்ன டிஸ்க்கில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதன்மேல் 'ஹெட்' என்கிற நுனி, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது. விழுந்த அடியில் அந்த ஹெட் வளைந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். தட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்பதற்கான அடையாளத்தைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, கை திரும்பி வந்து மறுபடி தேடுகிறது. நீங்கள் கேட்கிற 'டக்' அதுதான். ஒவ்வொரு 'டக்'கிலும் உடைந்த நுனி தட்டை உரசலாம். உரசி உதிர்ந்த இடத்தில் இருந்த படத்தை உலகத்தில் யாராலும் திருப்பித் தர முடியாது.

பெரியபட்டினத்திலிருந்து ஒருவர் இதே நிலையில் ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். எப்படியாவது திறந்துவிடும் என்று ராத்திரி முழுக்கச் சொருகிச் சொருகிப் பார்த்திருக்கிறார். வெளியூர் ரெக்கவரி லேபுக்கு அனுப்பினோம். முடியாது என்று மூடி திறந்தபடியே திரும்பி வந்தது. தட்டின் நடுவில் வட்டமாக ஒரு கோடு, விரலால் தடவினால் தெரியும் அளவுக்கு. மூடியின் உட்புறமெல்லாம் கருப்புப் பொடி. அந்தப் பொடிதான் அவர் பிள்ளையின் படங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஃப்ரீசர் வைத்தியம் பழைய காலத்து டிஸ்க்குகளுக்கு யாரோ செய்து பார்த்தது. நம் ஊர் ஈரக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொருள்மேல் தண்ணீர் பூக்கும். அதே ஈரம் தட்டின்மேலும் படியலாம். அதன்மேல் ஹெட் ஓடினால் கதை முடிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்க்கை ஸ்பாஞ்சு சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். மூடியைத் திறந்து ஹெட் மாற்றுவதற்குத் தூசியில்லாத தனி அறையும், அதே மாடலில் இன்னொரு நல்ல டிஸ்க்கும் வேண்டும். அந்த வசதி என் கடையில் இல்லை. இங்கேயே திறந்து பார்த்துவிடலாம் என்று எந்தக் கடையில் சொன்னாலும் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பெரிய ஊர் லேபுகளில் செலவு பல ஆயிரங்களில் ஆகும். டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கொடுங்கள்.

இன்னொன்று. அந்தப் படங்களில் எத்தனையோ நீங்கள் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். அவர் போனில் அவை இருக்கும். தரம் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் பிள்ளை முகம் தெரியும். போனைச் சுத்தம் செய்துவிடாமல் இன்றைக்கே அவரிடம் சொல்லிவையுங்கள். நிக்காஹ் வீடியோ எடுத்த ஸ்டூடியோவிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பலர் பழைய வேலைகளை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: பில் போடுகிற சிஸ்டத்தில் மூன்று ஹார்டு டிஸ்க் அடுத்தடுத்துப் போய்விட்டன. மூன்றும் ஒரே கம்பெனி. இனி அந்தக் கம்பெனியைத் தொடமாட்டேன். எந்தக் கம்பெனிக்கு மாறலாம்?

அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கம்பெனி மாறினால் தீரும் என்று நான் சொல்லமாட்டேன். மாறிப் போக இடமும் அதிகம் இல்லை. நான் தொழிலுக்கு வந்த நாளில் கடை அலமாரியில் மேக்ஸ்டர், சாம்சங், ஹிட்டாச்சி, புஜிட்சு என்று பல பெயர்கள் இருந்தன. மேக்ஸ்டரை 2006-ல் சீகேட் வாங்கியது. சாம்சங்கின் ஹார்டு டிஸ்க் பிரிவும் 2011-ல் அவர்களிடமே போனது. ஐ.பி.எம். தன் பிரிவை ஹிட்டாச்சிக்கு விற்றது, அது 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் கைக்கு வந்தது. புஜிட்சுவினுடையது 2009-ல் தோஷிபாவிடம் போய்விட்டது. இன்றைக்கு ஹார்டு டிஸ்க் செய்கிறவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர்தான். என் மேசைக்கு மூன்று பேருடைய டிஸ்க்கும் செத்து வருகிறது. மூன்று பேருடையதும் வருஷக்கணக்கில் சளைக்காமல் ஓடுவதையும் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்று ஒரு நிறுவனம், மற்றவர்களின் கோப்புகளைச் சேமித்து வைக்கிற தொழில் செய்கிறது. தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை செத்தது என்று 2013 முதல் கணக்கு வெளியிட்டு வருகிறது. நான் அதை விடாமல் படிக்கிறேன். வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு போவது சாதாரணம் என்பது அதில் தெரியும். அதைவிட முக்கியமாக, ஒரே கம்பெனியில் ஒரு மாடல் கல் மாதிரி நிற்கிறது, பக்கத்து மாடல் பொலபொலவென்று உதிர்கிறது. கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு மாடலின் குணம் நமக்குத் தெரிய வருவதற்குள் அது கடையில் கிடைக்காமல் போய்விடும்.

பெட்டியில் பத்து லட்சம் மணி நேரம் என்று போட்டிருந்தது, ஏமாற்றிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்து லட்சம் மணி நேரம் என்றால் 114 வருஷம். ஒரு டிஸ்க் அத்தனை காலம் ஓடும் என்பது அதற்கு அர்த்தமில்லை. ஆயிரம் டிஸ்க்கை ஒன்றாக ஓடவிட்டால், சுமார் ஆயிரம் மணி நேரத்துக்கு ஒன்று போகும் என்று கம்பெனி போடுகிற கணக்கு அது. அந்தக் கணக்கும் நடைமுறையில் சரியாக வருவதில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். கம்பெனிக் கணக்குப்படி வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகப் போக வேண்டும். நிஜத்தில் இரண்டிலிருந்து நான்கு சதவீதம் வரை மாற்ற வேண்டியிருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் வேறு. மூன்றும் ஒரே சிஸ்டத்தில் போயிருக்கிறது. அந்த சிஸ்டத்தின் எஸ்.எம்.பி.எஸ்ஸை, அதாவது உள்பாகங்களுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டியை, யாராவது சோதித்தார்களா? 12 வோல்ட் வர வேண்டிய வயரில் ஏறியும் இறங்கியும் வந்தால் நீங்கள் தங்கத்திலேயே டிஸ்க் வாங்கிப் போட்டாலும் போகும். நாலாவது வாங்குவதற்கு முன்னால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றுங்கள். புது டிஸ்க் போட்டதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற இலவச மென்பொருளில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதுசு என்று வாங்கியது ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால், யாரோ கழற்றிப்போட்ட பழையதைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். உடனே திருப்பிக் கொடுங்கள்.

பாம்பன் வாசகர்: மீன் கம்பெனி நடத்துகிறேன். கணக்கெல்லாம் டேலியில். மதுரையில் மச்சினன் வைத்திருக்கும் சிஸ்டம் எட்டு வருஷமாக ஓடுகிறது. என்னுடையது இரண்டு வருஷம் தாண்டுவதில்லை. உப்புக் காற்றுதான் காரணம் என்கிறார்கள். டிஸ்க் சீல் வைத்துத்தானே வருகிறது, உள்ளே உப்பு எப்படிப் போகும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். உப்பு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை, அண்ணே. அது வெளியிலேயே வேலையை முடித்துவிடுகிறது.

டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சின்ன போர்டு நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களில் மாட்டியிருக்கும். கரண்டும் தகவலும் அதன் வழியாகத்தான் உள்ளே போய் வருகின்றன. அதைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகத் திட்டுகள் தெரியும். டிஸ்க்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் இந்தத் திட்டுகள்மேல் வெறுமனே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஈயப்பற்று கிடையாது. மதுரை டிஸ்க்கில் அவை பளிச்சென்று இருக்கும். பாம்பனிலிருந்து வருகிற டிஸ்க்கில் கருப்பாகவோ, பழுப்பு ஏறியோ, ஓரத்தில் பச்சை பூத்தோ இருக்கும். பல மாடல்களில் போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். அந்த ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்குமோ என்று எனக்குத் தோன்றும், அப்படி ஈரமும் பிசுபிசுப்புமாக இருக்கும்.

கடல் உப்பில் நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே அது இழுத்துக்கொண்டு கசியும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் இதைச் சொல்லவேண்டியதில்லை. அப்படிக் கசிந்த உப்புத்தண்ணீர் கரண்டைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். கடலுக்கு நடுவில் நிற்கிற புது ரயில் பாலத்தையே, 2025-ல் திறந்தது, துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 1914-ல் வந்த பழைய பாலம் துருவோடு போராடியதை நீங்கள் தினமும் பார்த்தவர். அந்தக் காற்றில் ஒரு செப்புக் கோடு என்ன பாடுபடும்?

சீல் என்று கேட்டீர்கள். சாதாரண டிஸ்க்குகள் முழுசாக அடைக்கப்பட்டவை அல்ல. மூடியில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை, பக்கத்தில் 'மூடாதே' என்று அச்சடித்திருக்கும். உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அதில் வடிகட்டி இருப்பதால் உப்புத்தூள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். பெரிய சர்வர்களுக்காக ஹீலியம் வாயு நிரப்பி முழுக்க அடைத்த டிஸ்க்குகளும் வருகின்றன. அவற்றிலும் போர்டு வெளியில்தான் இருக்கிறது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன நல்ல சேதி. போர்டு மட்டும் போனதென்றால் தட்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும். செத்துவிட்டது என்று கடலோரத்திலிருந்து கொண்டுவரும் டிஸ்க்குகளில் பலவற்றை, போர்டைக் கழற்றி, திட்டுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்து மாட்டியதும் ஓடப் பார்த்திருக்கிறேன். ஓடியதும் அதை மறுபடி வேலைக்கு அனுப்பக் கூடாது. முதல் வேலையாக எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். சொருகினால் சிஸ்டமே ஆன் ஆகவில்லை, கழற்றினால் ஆன் ஆகிறது என்றாலும் பயப்படாதீர்கள். ஏறிய கரண்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு டிஸ்க்கைக் காப்பாற்றுகிற ஒரு சின்ன டயோடு போர்டில் இருக்கிறது. அது வெந்து ஷார்ட் ஆகியிருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக் அதை எடுத்துவிட்டு டேட்டாவைக் காப்பி செய்து தருவார். போர்டையே மாற்றுவதென்றால் பழைய போர்டில் இருக்கும் ரோம் சிப்பைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அந்த டிஸ்க்குக்கே உரிய கணக்குகள் அதில்தான் இருக்கின்றன. ஆகவே பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்பெனியில் வேலை இருக்காது, சிஸ்டத்தை அணைத்துத் துணியால் மூடிவிட்டுப் போவீர்கள். ஜூனில் படகு இறங்கும் வாரத்தில் என் கடையில் நிற்க இடமிருக்காது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று எல்லா ஊர் சிஸ்டமும் அப்போதுதான் வரும். ஓடுகிற சிஸ்டம் தன் சூட்டிலேயே உள்ளே ஈரம் தங்கவிடாது. இரண்டு மாசம் குளிர்ந்து கிடக்கிற சிஸ்டத்தில், அதுவும் கச்சான் காற்று தொடங்குகிற நேரத்தில், உப்பு நிம்மதியாக உட்கார்ந்து தின்னும். அதனால் தடைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது சிஸ்டத்தை ஓடவிடுங்கள். முடியாதென்றால் டேலி டேட்டாவைக் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காப்பி எடுத்த டிஸ்க்கை, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவையுங்கள். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் சிஸ்டத்தை வைக்காதீர்கள்.

கரண்டுக்கும் இதில் பங்குண்டு. கம்பத்துப் பீங்கானில் உப்புப் படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்து, தீப்பொறி பறந்து லைன் விழுவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் பிழைத்தாலும் டேலி ஃபைல் பிழைப்பதில்லை. யு.பி.எஸ் இல்லாமல் கணக்கு சிஸ்டத்தை ஓட்டாதீர்கள்.

ராமேஸ்வரம் வாசகர், லாட்ஜ் நடத்துகிறவர்: கேமரா படத்தைப் பதிவு செய்கிற டி.வி.ஆர் பெட்டியில் டிஸ்க் வருஷத்துக்கு ஒன்று போகிறது. ஏன்?

ராத்திரி பகல் எழுதிக்கொண்டே இருக்கிற வேலை அதற்கு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அதற்காகச் செய்ததல்ல. கேமராவுக்கென்றே தனி டிஸ்க் வருகிறது, விலை கொஞ்சம்தான் கூட, அதைப் போடுங்கள். டி.வி.ஆர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நான் போய்ப் பார்த்த லாட்ஜுகளில் ரிசப்ஷன் மேசைக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள் வந்து நிற்பதும் அங்கேதான். சுவரில் உயரமாக, காற்றோட்டமாக மாட்டுங்கள்.

ஏர்வாடி வாசகர்: நீங்கள் முன்பு எழுதிய கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டினேன். மஞ்சளாக 'காஷன்' (எச்சரிக்கை) என்று காட்டுகிறது. சிஸ்டம் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் காப்பி, பிறகு யோசனை. டிஸ்க் தன்னையே கவனித்து எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பைத்தான் அந்த மென்பொருள் காட்டுகிறது. கெட்டுப்போன செக்டாரை (தட்டில் தகவல் எழுதும் சின்ன இடம்) ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார் எண்ணிக்கை, இந்த இரண்டும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். 199 என்ற எண்ணுக்கு நேராக உள்ளது மட்டும் ஏறினால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா வயரில், அதை மாற்றிப் பாருங்கள்.

கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தங்கள் டிஸ்க்குகளைப் பார்த்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் போவதற்கான வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமலே போயின. ஆகவே மஞ்சள் வந்தால் நம்புங்கள். நன்றாக இருக்கிறது என்று நீலம் காட்டுவதால் காப்பி வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்களுடையது ஊர்க்காரர்களுக்குச் சான்றிதழ் விண்ணப்பிக்கிற மையம். அதில் இருப்பது மற்றவர்களின் காகிதங்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண்டபம் வாசகர், கடல்வாழ் உயிரினம் படிக்கும் மாணவர்: தீவுப் பக்கம் படகில் போய் எடுத்த பவளப்பாறை வீடியோக்களை, தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கிற எஸ்.எஸ்.டி.யில் வைத்திருக்கிறேன். அதில் சுழலும் பாகம் இல்லை, அதனால் போகவே போகாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை, தம்பி. படகு இன்ஜின் அதிர்விலும் அலை அடியிலும் ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி பல மடங்கு மேல். நீங்கள் வாங்கியது சரி. ஆனால் அது போகும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை. ஹார்டு டிஸ்க் முனகும், மெதுவாகும், சத்தம் போடும். எஸ்.எஸ்.டி.யில் கன்ட்ரோலர் சிப் போனால் நேற்று வரை ஓடியது இன்று சிஸ்டத்தில் தெரியவே தெரியாது. தவறி அழித்ததை மீட்பதும் கஷ்டம். அழித்த இடத்தை 'டிரிம்' என்கிற ஏற்பாட்டில் அது தானே காலி செய்துகொள்ளும். கரண்ட் இல்லாமல் அலமாரியில் வருஷக்கணக்கில் போட்டுவைக்கவும் அது ஏற்றதல்ல, உள்ளே பிடித்துவைத்த மின்னேற்றம் மெல்லக் கசியும். படகுக்கு எஸ்.எஸ்.டி, கரைக்கு வந்த அன்றே ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் எடுத்த பாறை அடுத்த வருஷம் வெளுத்துவிட்டால், அதை முன்பு பார்த்ததற்கு உங்கள் வீடியோதான் சாட்சி.

ராமநாதபுரம் வாசகர், ஸ்டூடியோ வைத்திருப்பவர்: நான் எல்லாக் கல்யாணத்தையும் இரண்டு டிஸ்க்கில் வைக்கிறேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இது போதும்தானே?

இரண்டும் எங்கே இருக்கின்றன? கடையில் ஒரே பீரோவில் என்றால் போதாது. தீயோ, திருட்டோ, கூரை ஒழுகலோ இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோகும். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் என்றால் இரண்டும் சேர்ந்தே தளரவும் வாய்ப்புண்டு. பீட்டர் க்ரோ என்கிற புகைப்படக்காரர் சொல்லிப் பரவிய ஒரு வழக்கம் இருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். உங்கள் தொழில்காரர் ஒருவரே சொன்னது. ஒரு பிரதியை உங்கள் வீட்டில் வையுங்கள், அல்லது ஆல்பம் கொடுக்கும்போதே ஒரு டிஸ்க்கில் போட்டுப் பெண் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். நான் கீழக்கரை ராத்தாவிடம் ஸ்டூடியோவில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு உங்களிடமும் யாராவது அப்படி வந்து நிற்பார்கள்.

தேவிபட்டினம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர் என் தகப்பனார். அந்த டிசம்பர் ராத்திரியைப் பற்றி அவர் பேசியதைப் பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன், 40 ஜி.பி. டிஸ்க் மட்டும் இருக்கிறது. பட்டையான வயர் போடுகிற மாதிரி. இப்போதுள்ள லேப்டாப்பில் திறக்க முடியுமா?

முடியும், ஐயா. அது ஐ.டி.இ. என்கிற பழைய இணைப்பு வகை. யு.எஸ்.பி.க்கு மாற்றித் தரும் அடாப்டர் கிடைக்கிறது. கூடவே 12 வோல்ட் கரண்ட் அடாப்டரும் சேர்ந்து வருவதாகப் பார்த்து வாங்குங்கள், பெரிய டிஸ்க்குக்கு லேப்டாப் கரண்ட் போதாது. டிஸ்க்கின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஜம்பர் 'மாஸ்டர்' என்ற இடத்தில் இருக்கட்டும்.

இத்தனை வருஷம் சும்மா கிடந்த டிஸ்க் எத்தனை முறை சுற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கரண்ட் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காப்பி போக வேண்டிய டிஸ்க் லேப்டாப்பில் சொருகியிருக்கட்டும். திறந்ததும் மற்ற எதையும் பார்க்காமல் அப்பா குரல் இருக்கிற ஃபோல்டரை முதலில் இழுத்துப் போடுங்கள், கேட்பது அப்புறம். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் சரி என்று அழுத்தாதீர்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் டிஸ்க் கெட்டுவிடவில்லை, பழைய விண்டோஸ் பூட்டு அது, திறக்க வழி இருக்கிறது. சத்தமே இல்லாமல் சுற்றாமல் கிடந்தாலோ, டக் டக் என்றாலோ தட்டிப் பார்க்காமல் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், அல்லது நேரில் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கு அடியில் வேண்டாம். பெயரன் பேத்திகள் வீட்டு முகவரி இரண்டு சொல்லுங்கள், பதிவு கிடைத்தால் அங்கேயும் ஒவ்வொரு நகல் போகட்டும். அந்த ராத்திரியை நேரில் கண்டு சொல்ல இருப்பவர்கள் இப்போது மிகவும் குறைவு.